புகையில்லா அடுப்பு தேய்ந்தால் பூசுவதா, இடித்துக் கட்டுவதா?

காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்பு உள்ள வீட்டில் விறகுக்குக் குறைவில்லை. எரிவாயு அடுப்பு வந்த பிறகும் வெந்நீர் காய்ச்சவும், மாட்டுக்குத் தீனி வேகவைக்கவும் பல வீடுகளில் விறகு அடுப்பைத்தான் மூட்டுகிறார்கள். அந்த அடுப்பு தேய்ந்து புகையைக் கக்கத் தொடங்கினால் அதைப் பழுது பார்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்பது சிறிய கேள்வியல்ல. சமையல் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்படியில் இருக்கும் பெண்களும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளுமே இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

புகைபோக்கி வைத்த மண் அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஐதராபாத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே இதை வடிவமைத்தார். 1983-ல் தொடங்கிய மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் லட்சக்கணக்கான அடுப்புகள் கட்டப்பட்டன. 2002-ல் திட்டம் நின்றது. கட்டிக் கொடுத்ததில் காட்டிய அக்கறையைப் பராமரிப்பில் காட்டாததால் பல அடுப்புகள் வீணாயின. கை வைத்தால் சரியாகக்கூடிய பழுதுக்கே பலர் அடுப்பைக் கைவிட்டனர்.

புகை வீட்டுக்குள் திரும்பினால் முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கியைத்தான். உள்ளே கரி படிந்து துவாரம் குறுகிவிட்டால் புகை மேலே ஏறாது. மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியிருக்கும்போது, கயிற்றில் தேங்காய் நாரைச் சுற்றி மேலிருந்து விட்டு இழுக்க வேண்டும். பழைய அடுப்புகளில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருக்கலாம். அதைத் தேய்க்கவோ அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. விரிசல் கண்டிருந்தால் நனைத்து, முழுதாகக் கழற்றி, வேறு குழாய் பொருத்துவதே நல்லது. கீற்றுக் கூரை வழியே குழாய் போனால் கீற்று அதைத் தொடாதபடி இடைவெளி விட்டுத் தகரம் பொருத்த வேண்டும்.

குழாய் சுத்தமாக இருந்தும் புகை நிற்கவில்லையா? பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே சந்து இருக்கும். விறகை இடித்து இடித்துச் செருகுவதால் அடுப்பு வாயும் அகன்றுபோகும். இரண்டாவது கண்ணில் உள்ள பாத்திரம் முன்போலச் சூடேறவில்லை என்றால், அதன் அடியில் இருந்த மண் மேடு கரைந்துவிட்டது என்று பொருள். தீயை மேலே திருப்பிப் பாத்திரத்தின் அடியில் படவைப்பது அந்த மேடுதான். அது போனால் சூடு நேரே குழாய்க்குள் ஓடிவிடும். வீடு புகையாது. ஆனால் விறகு மட்டும் கரையும். இந்தப் பழுதுதான் எளிதில் கண்ணில் படாது.

இவையெல்லாம் பூசிச் சரிசெய்யக்கூடியவை. சிமெண்ட் வேண்டாம். நெருப்பில் அது மண்ணோடு ஒத்து விரியாது. சில நாளில் பெயர்ந்து வரும். இவ்வட்டாரச் செம்மண்ணில் மணல் மிகுதி. எனவே ஏரிக் களிமண்ணைக் கலக்க வேண்டும். விரல் தடிமனுக்கு உருட்டி வளைத்துப் பாருங்கள். உடைந்தால் களி போதாது. சிறு உருண்டை காயும்போது வெடித்தால் களி அதிகம், மணல் சேர்க்கலாம். உமியும் சாணமும் பிசைந்து இரண்டு மூன்று நாள் ஈரமாக ஊறவைக்க வேண்டும். பழைய மண்ணைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, கரைத்த மண்ணைப் பூசிய பிறகே புது மண்ணை அரை அங்குலக் கனமாக அப்ப வேண்டும். வாயில் உங்கள் பாத்திரத்தையே வைத்து அழுத்தி அச்செடுத்தால் சந்து விழாது. காய்ந்த பிறகு முதல் நாள் சுள்ளியால் மெல்லத் தீ மூட்டலாம்.

அடிமண் பள்ளமாகி, உள் சுவர் முழுவதும் அகன்று, அடுப்பின் உடலே ஆடினால் பூசிப் பயனில்லை. இடித்துவிட வேண்டியதுதான். பழைய அளவை அப்படியே பின்பற்றாமல், இப்போது வீட்டில் புழங்கும் பாத்திரங்களை வைத்து அளந்து கட்டுவது முக்கியம்.

எந்த அடுப்பானாலும் முந்திரிக்கொட்டை ஓட்டை எரிக்கக் கூடாது. அதில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஓட்டை எண்ணெய் ஆலைக்கு விற்றுவிடலாம். முந்திரி விறகையும் பிளந்து உலர்த்தியே எரிக்க வேண்டும். பச்சை விறகின் சூட்டில் ஒரு பகுதி அதன் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

பழுது பார்க்குமுன் ஒரு குடம் தண்ணீர் கொதிக்க எத்தனை கிலோ விறகு ஆகிறது என்று எடை போட்டுக் குறித்து வையுங்கள். பழுது பார்த்து நன்றாகக் காய்ந்த பின், அதே குடத்தில் அதே விறகைக் கொண்டு மறுபடி எடை போட்டுப் பாருங்கள். விறகு குறையவில்லை என்றால் மண் மேட்டைத்தான் மீண்டும் சோதிக்க வேண்டும்.