சேற்றுக்குள் ஒளிந்த எண்ணெய்

அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. அங்கிருந்து கடல் பக்கம் இறங்கி நடந்தால் படகுத் துறை வரும். ஊருக்கு முன்பு போர்ட் பிளேர் என்று பெயர். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

எஞ்சின் படகு நிற்கும் எந்தத் துறையிலும் ஒன்றைப் பார்க்கலாம். சில நேரம் தண்ணீர் மேல் வானவில் நிறம் தெரியும். அது ஒழுகிய டீசல். கடல் நீர் ஏறி இறங்கியதும் நிறம் போய்விடும்.

எண்ணெய் எங்கே போயிற்று?

கொஞ்சம் ஆவியாகிக் காற்றில் போகும். கொஞ்சம் மண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கும். சேற்றின் உள்ளே காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் எண்ணெய் சீக்கிரம் அழியாது. பல ஆண்டுகள் கிடக்கும். அந்தச் சேற்றில்தான் நண்டும் மட்டியும் வாழ்கின்றன. அலையாத்தி மரங்கள் வேர் விட்டு நிற்கின்றன.

1993 ஜனவரியில் ஒரு விபத்து நடந்தது. மேர்ஸ்க் நேவிகேட்டர் என்ற எண்ணெய்க் கப்பல் சுமத்ரா தீவுக்கு அருகே இன்னொரு கப்பலுடன் மோதித் தீப்பிடித்தது. கொட்டிய எண்ணெய் நிகோபார் பக்கம் மிதந்து வந்தது.

2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல். மணலி எண்ணெய் ஆலைப் பகுதியில் இருந்து வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்கள் படகில் போய்க் கையால் எண்ணெயை அள்ளினார்கள். மிதந்த எண்ணெயை ஊரே பார்த்தது. சேற்றில் இறங்கிய எண்ணெயை யார் பார்த்தார்கள்?

எண்ணெயில் பல பொருள்கள் உண்டு. பொதுவாக அவற்றை ஹைட்ரோகார்பன் என்பார்கள். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. பென்சோ பைரின் அப்படி ஒன்று. பீடிப் புகையிலும் அது இருக்கிறது.

சேற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தில் பெரிய கருவிகள் உண்டு. ஆனால் முடிவு வர நாளாகும். செலவும் அதிகம். சேறு கிடக்கும் இடத்திலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை இம்யூனோ அஸ்ஸே என்பார்கள். நாம் எதிர்ப்புப் பொருள் சோதனை என்போம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1990-களில் இதை ஏற்றுக்கொண்டது.

எதிர்ப்புப் பொருள் என்றால் என்ன? நம் உடலில் நோய்க்கிருமி புகுந்தால் இரத்தம் அதைப் பிடிக்க ஒரு பொருளை உண்டாக்கும். அதுதான் எதிர்ப்புப் பொருள். ஒவ்வொன்றும் தனக்கு உரியதை மட்டும் பிடிக்கும். முயல், எலி போன்ற பிராணிகளின் உடலிலும் இது உண்டாகும். எண்ணெயைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளையும் இப்படித்தான் உண்டாக்குகிறார்கள். எண்ணெயின் மூலக்கூறு மிகச் சிறியது. தனியாகச் செலுத்தினால் உடல் அதைக் கண்டுகொள்ளாது. பெரிய புரதம் ஒன்றில் ஒட்டிச் செலுத்துவார்கள். அப்போது உடல் விழித்துக்கொள்ளும். நல்ல தந்திரம்தான்!

சோதனை எப்படி நடக்கிறது? சேற்றை எடை போட்டு மெத்தனால் ஊற்றிக் குலுக்குவார்கள். எண்ணெய் மெத்தனாலில் இறங்கும். மெத்தனால் விஷம். கையுறை போட்டவர்தான் தொடவேண்டும். பிறகு அதை வடிகட்டிச் சில சொட்டு எடுத்துக் குழாயில் விடுவார்கள். குழாயின் உள்சுவரில் எதிர்ப்புப் பொருள் பூசியிருக்கும்.

இனி நடப்பதைப் புரிந்துகொள்ள மோகன்புரா பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் 40 இருக்கைகள். அவைதான் எதிர்ப்புப் பொருள். இரண்டு கூட்டம் ஏறுகிறது. ஒன்று சேற்றில் இருந்து வந்த எண்ணெய். மற்றொன்று சோதனை செய்பவர் சேர்க்கும் பொருள். அதுவும் எண்ணெய் போலவே இருக்கும். ஆனால் நிறம் உண்டாக்கும் நொதி அதன் முதுகில் கட்டியிருக்கும். இரண்டும் இடத்துக்குப் போட்டி போடும்.

பிறகு குழாயைக் கழுவுவார்கள். கண்டக்டர் நிற்பவர்களை இறக்கிவிடுவது போல! உட்கார்ந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கடைசியில் ஒரு மருந்தை விட்டால் நிறம் வரும்.

இங்கேதான் பலர் குழம்புவார்கள். நிறம் அடர்த்தியாக இருந்தால் எண்ணெய் குறைவு. நிறம் வெளுத்திருந்தால் எண்ணெய் அதிகம். ஏன்? எண்ணெய் நிறைய வந்து இடத்தைப் பிடித்துவிட்டது. நிறம் தரும் கூட்டத்துக்கு இடமில்லை. கர்ப்பம் பார்க்கும் அட்டையிலும் கொரோனா அட்டையிலும் கோடு வந்தால் 'உண்டு' என்று பொருள். இங்கே தலைகீழ். அளவு தெரிந்த எண்ணெய் விட்ட குழாயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புதிய எஞ்சின் ஆயிலையும் கிரீசையும் இது சரியாகப் பிடிக்காது. குப்பை எரித்த கரி கலந்திருந்தாலும் 'உண்டு' என்று காட்டலாம். எண்ணெய் யாருடையது என்றும் சொல்லாது. எந்த இடத்துச் சேற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று காட்டும். அவ்வளவுதான். ஆனால் 50 இடத்தில் 5 இடத்தைப் பொறுக்கித் தருவது சிறிய உதவியா?

சேறு எடுப்பதிலும் கவனம் வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் எடுக்கவேண்டும். படகு நிற்காத சுத்தமான இடத்திலும் ஒரு கைப்பிடி எடுக்கவேண்டும். அது ஒப்பிட உதவும். கண்ணாடிப் புட்டியில் போட்டு உடனே சீட்டு ஒட்டவேண்டும். சீட்டில் இப்படி எழுதலாம்:

இடம்: படகுத் துறை, வடக்குப் படி அருகில்.
ஆழம்: 4 விரல்.
நாள், நேரம், எடுத்தவர் பெயர்.

சீட்டு இல்லாத புட்டியை ஆய்வுக்கூடம் ஏற்காது.

கடலில் எண்ணெய் படலமாக மிதப்பதைப் பார்த்தால் கடலோரக் காவல் படைக்குச் சொல்லுங்கள். இந்தியக் கடலில் எண்ணெய்க் கசிவைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களுடையது. கட்டணமில்லாத எண் 1554.