பொதுப்படியும் தனிப்படியும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆழ்துளைக் கிணறு தோண்ட அவை வடநாட்டிற்கும் செல்லும். துளையிடும் வண்டியுடன் குழாய்களையும் கருவிகளையும் ஏற்றிய துணைவண்டியும் புறப்படும். சென்ற ஊரில் வேண்டிய பொருள் கிடைக்குமோ என்னும் ஐயமே இதற்குக் காரணம். கணினி உலகிலும் இவ்வழக்கம் உண்டு.

நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பொதுவான வேலைகளுக்குப் பிறர் எழுதி வைத்த தொகுதிகளைப் பயன்படுத்துவர். அத்தொகுதி நிரலகம் எனப்படும். ‘கொ’ என்னும் எழுத்தை நோக்குக. அதன் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகச் சேமிக்கலாம். எனினும் திரையில் அக்குறி பிரிந்து ககரத்தின் முன்னும் பின்னும் நிற்றல் வேண்டும். அவ்வாறு நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம். பயர்பாக்ஸ் உலாவி இதன் படியொன்றைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. இது தனிப்படி. கணினியில் ஒரே படியை நிறுவி, எல்லா நிரல்களும் அதனையே நாடச் செய்வது மற்றொரு முறை. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளமும், அதனை அடியொற்றிச் சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பின்னதன்பாற்பட்டவை.

இவற்றின் வேற்றுமை 2002ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நன்கு புலப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் இசட்லிப் என்னும் நிரலகத்தில் ஒரு பிழை காணப்பட்டது. ஒருமுறை விடுவித்த நினைவகப் பகுதியை அது மீண்டும் விடுவித்தது. தீயோர் அனுப்பும் கோப்பொன்றால் நிரல் நிலைகுலையக்கூடும். 1.1.4 என்னும் திருத்தப் பதிப்பு வெளிவந்தது. பொதுப்படியை நாடிய நிரல்களெல்லாம் அவ்வொரு மாற்றத்தால் பிழை நீங்கின. ஆனால் ஆர்சிங்க், சிவிஎஸ் முதலியவற்றுள்ளும், லினக்ஸின் கருவுக்குள்ளும் தனிப்படிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

ஏடு பார்த்துப் பழகிய எனக்கு இது வியப்பன்று. ஓர் ஓலைச்சுவடியில் திருத்திய பிழை, அதனைப் பார்த்து முன்பே எழுதிய படிகளில் அவ்வாறே நிற்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் எத்தனை சுவடிகளை ஒப்புநோக்க நேர்ந்தது!

எனினும் தனிப்படி வைப்போர் அறியாதவரல்லர். பொதுப்படியைப் புதுப்பித்தவுடன், பழையதை நம்பிய நிரல் இயங்காது போதலும் உண்டு. பொதுக்கிணற்றில் நஞ்சு கலப்பாரும் உளர். 2024ஆம் ஆண்டு எக்ஸ்இசட் என்னும் சுருக்கத் தொகுதியில் ஒருவர் கரவாகக் கள்ளவாயில் அமைத்தார். நிலையான டெபியன் பதிப்பை அடையுமுன் அது கண்டறியப்பட்டது.

டெபியனின் விதிநூல் பொதுப்படியையே வேண்டுகிறது. இயலாதவிடத்து விலக்கும் தருகிறது. எனக்கும் அதுவே உடன்பாடு. எந்நிரலுள் எத்தனிப்படி உள்ளது என்பதை அங்குள்ள பாதுகாப்புக் குழுவினர் பட்டியலிட்டு வந்துள்ளனர்.