கிழித்துக்கொள்ளும், தைத்துக்கொள்ளும்

ஒரு துண்டு நைலான் தூண்டில் நரம்பு. அதன் நுனியில் ஜெலட்டின் பூச்சு. மறுமுனை, மின்சாரம் பட்டால் அதிரும் ஒரு சிறு தகட்டோடு இணைந்திருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்நீர். அதற்குள் கைகளை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறது ஒரு கடல் சாமந்தி. அதிரும் நரம்பை அதன் கையில் மெல்லத் தொட்டு எடுக்கிறார்கள். ஜெலட்டினில் எத்தனை விஷ ஊசிகள் தைத்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். பிறகு அதிர்வெண்ணை மாற்றி மறுபடி தொடுகிறார்கள், மறுபடி எண்ணுகிறார்கள்.

தூண்டில் கடையில் கிடைக்கிற சரக்கை வைத்தே பாதி செய்துவிடலாம் போன்ற இந்த ஏற்பாட்டில் கிடைத்த விடை எளிமையானதல்ல. எல்லா அதிர்வுக்கும் ஒரே எண்ணிக்கையில் ஊசி பாயவில்லை. சில அதிர்வெண்களுக்கு ஊசிகள் சரமாரியாகப் பாய்ந்தன. மற்றவற்றைச் சாமந்தி அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அதாவது மூளையும் காதும் இல்லாத அந்த உயிர், அதிர்வுகளைத் தரம் பிரித்தது. கிளென் வாட்சனும் டேவிட் ஹெசிங்கரும் இதை 1989-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட இனம் பவளத்திட்டுகளில் கோமாளி மீனுக்கு வீடு கொடுக்கும் பெரிய ரகம் அல்ல. ஆரஞ்சுக் கோடுகள் போட்ட பச்சைச் சாமந்தி. கட்டைவிரல் பருமன் இருந்தால் அதிகம். ஆசியாவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு உலகத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைய ஆய்வேடுகளில் அதன் பெயர் ஹாலிபிளானெல்லா லூசியே. இன்று டயடுமீனி லீனியாட்டா.

அதன் கைகளின் மேற்பரப்பில் நுண்ணிய மயிர்க்கற்றைகள் நிற்கின்றன. ஒவ்வொரு கற்றையின் நடுவிலும் ஓர் உணர்செல். அதைச் சுற்றி இரண்டு முதல் நான்கு துணைச்செல்கள். உணர்செல்லிலிருந்து ஓர் இழை நடுவில் எழும்ப, சுற்றியுள்ள செல்களின் இழைகள் அதன் மேல் சாய்ந்து கூம்பாகக் குவிகின்றன. தண்ணீர் அசைந்தால் கற்றை சாயும். சாய்ந்தால் இழைகளுக்கிடையே உள்ள இணைப்பு இழுபடும், செல்லில் மின்சலனம் பிறக்கும். பக்கத்தில் காத்திருக்கும் கொட்டும் செல் வெடிக்கும். அந்த வெடிப்பின் வேகத்தைத் துல்லியமாக அளந்தது சாமந்தியில் அல்ல, அதன் தூரத்து உறவான ஹைட்ராவில். 2006-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்தபோது, ஊசி வெளிப்பட ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சங்கதி வேறு. அந்தக் கற்றையின் நீளம் நிலையானது அல்ல. இரையாக வரும் சின்ன உயிர்களின் உடல்மேல் உள்ள கோழையில் ஒருவகைச் சர்க்கரை உண்டு. அதன் வாடை தண்ணீரில் கலந்ததும் சாமந்தியின் மயிர்க்கற்றைகள் நீள்கின்றன. நீண்ட கற்றை மெதுவான அதிர்வுகளுக்குச் செவிசாய்க்கும். இறால் குஞ்சு வளர்ப்பவர்கள் தீவனமாகப் போடும் ஆர்ட்டீமியா போன்ற நுண்ணிரைகள் நீந்தும்போது எழுவது அந்த ரக அதிர்வுதான். ஊசி தைத்து இரை காயப்பட்டதும் அதன் உடல்நீரிலிருந்து புரோலின் என்னும் அமினோ அமிலம் கசிகிறது. உடனே கற்றைகள் குட்டையாகி, வேகமான அதிர்வுகளின் பக்கம் திரும்புகின்றன. தொலைவில் வருகிறதா, கையில் சிக்கித் துடிக்கிறதா என்பதை வாடையை வைத்தே முடிவுசெய்து, அதற்கேற்ப உணர்வைத் திருப்பி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மூளை இல்லாத உயிருக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான்!

வாட்சன் பின்னர் லாஃபயெட் நகரிலுள்ள லூசியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பட்ரீஷியா மைர் போன்றவர்களோடு வேலையைத் தொடர்ந்தபோது எழுந்த கேள்வி: இந்தக் கற்றைகள் கெட்டுப்போனால் என்ன ஆகும்? கேள்வி எழக் காரணம் இருந்தது. இந்தச் சாமந்தி இனப்பெருக்கம் செய்யும் விதம் கரடுமுரடானது. பாதத்தை இரு பக்கமும் இழுத்து, உடலை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு இரண்டு சாமந்தியாகிவிடும். கிழிபட்ட திசுவைச் சீர்செய்யத் தெரியாத உயிர் இப்படிப் பிழைத்திருக்க முடியாது.

சோதனைக்காக அவர்கள் சாமந்தியைக் கால்சியம் இல்லாத கடல்நீரில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். இழைகளைப் பிணைக்கும் இணைப்புகள் கால்சியம் இருந்தால்தான் விறைப்பாக நிற்கும். அது போனதும் இணைப்புகள் அறுந்து, கற்றைகள் குலைந்தன. அதிரும் நரம்பைத் தொட்டால் பழைய பதில் வரவில்லை. சாமந்தியைச் சாதாரணக் கடல்நீருக்கு மாற்றி, சும்மா விட்டார்கள். சுமார் நான்கு மணி நேரத்தில் உணர்வு திரும்பியது. இந்த இடைவெளியில் அது தன்னைச் சுற்றியுள்ள நீரில் சில புரதங்களைச் சுரக்கிறது என்று தெரியவந்தது. அந்தப் புரதங்களைச் சேகரித்து, புதிதாகச் சேதப்படுத்திய இன்னொரு சாமந்திக்குக் கொடுத்தபோது நான்கு மணி நேர வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. டியூபை மாற்றாமல் பஞ்சர் ஒட்டுகிற மாதிரிதான். செல் புதிதாக முளைக்கவில்லை, இருக்கிற செல்லின் அறுந்த பிணைப்புதான் ஒட்டப்பட்டது. 1998-இல் வெளியான இந்த ஆய்வு வந்த இதழின் பெயர் 'ஹியரிங் ரிசர்ச்', செவிப்புலன் ஆய்வுக்கான இதழ். கடல் சாமந்திக்கு அங்கே என்ன வேலை என்று அன்று சிலராவது கேட்டிருப்பார்கள்.

வேலை இருக்கிறது. நம் உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள், காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அவற்றின் தலையிலும் இழைக்கற்றைதான். இழை நுனிகளுக்கிடையே மெல்லிய புரத இணைப்புதான். கால்சியத்தை உறிஞ்சிவிட்டால் அறுவதும் அதேதான். கல்யாண வீட்டில் ஸ்பீக்கருக்கு நேரே பந்தியில் உட்கார நேர்ந்து, வீடு திரும்பிய பிறகும் காதில் ரீங்காரம் கேட்டவர்களுக்கு இந்தக் கற்றைகள் படும் பாடு தெரிந்திருக்கும். அறுந்த நுனி இணைப்புகள் ஓரிரு நாளில் திரும்ப உருவாகக்கூடும் என்பதை ஆய்வகச் செல்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் செல்லே செத்துப்போனால் பாலூட்டிகளின் காக்ளியாவில் மாற்று முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கிறது. 1980-களின் கடைசியில் இதைக் கண்டறிந்தபோது செவித்துறையே கோழிக்குஞ்சைப் பொறாமையோடு பார்த்தது.

வாட்சன் குழு சாமந்திப் புரதத்தை முதலில் குருட்டுக் குகைமீனுக்குக் கொடுத்துப் பார்த்தது. கண் பயனற்ற அந்த மீன், விலாவில் வரிசையாக உள்ள மயிர்ச்செல்களால் நீரசைவை உணர்ந்தே நடமாடுகிறது. சேதமான உணர்வு புரதத்தால் விரைவாகத் திரும்பியது, அது 2002-இல். பிறகு எலி. புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் காக்ளியாத் திசுவைத் தட்டில் வைத்து, கால்சியத்தைக் குறைத்துக் கற்றைகளைக் குலைத்தார்கள். பின்பு ஒரு மணி நேரம் சாமந்திப் புரதத்தில் வைத்தார்கள். சரியாயிற்றா என்று பார்க்க ஒரு சாயம் உண்டு. ஒலியுணரும் துளைகள் வேலை செய்தால்தான் அது செல்லுக்குள் நுழையும். குலைந்த செல்களில் தயங்கிய சாயம், புரதம் பட்ட செல்களில் நன்றாகவே ஏறியது. சாய்ந்த இழைகள் வரிசைக்குத் திரும்பியிருந்தன. 2016-இல் இது வெளியானது.

இந்த ஒற்றுமை தற்செயலா என்ற சந்தேகத்துக்கு ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பதில் வந்தது. நாகயாசு நகனிஷியின் குழு, நெமட்டோஸ்டெல்லா என்னும் வேறொரு சாமந்தியில் 'பௌ-4' மரபணுவை முடக்கியது. மயிர்ச்செல்கள் முழுமையாக உருவாகவில்லை. தொட்டாலும் சாமந்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. 2021-இல் வெளிவந்த ஆய்வு இது. அதே குடும்பத்து மரபணு ஒன்று மனிதரில் பழுதுபட்டால் வளர்ந்த வயதில் காது படிப்படியாக மந்தமாகும். ஓர் இஸ்ரேலியக் குடும்பத்தை ஆராய்ந்து 1998-இல் அதைக் கண்டறிந்திருந்தார்கள். 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு கிளைகளில் தொடுவதையும் கேட்பதையும் ஒரே குடும்பத்து மரபணு பார்த்துக்கொள்கிறது.

எலி ஆய்வு வந்தபோது, காது கேளாமைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற தொனியில் தலைப்புகள் போடலாம் என்று தோன்றுவது இயற்கை. போடக்கூடாது. சீரானது தட்டில் இருந்த திசு. உயிருள்ள எலியின் கேட்கும் திறன் அல்ல. குலைத்ததும் கால்சியக் குறைவு. பட்டறை இரைச்சலோ முதுமையோ அல்ல. செத்த செல்லை இந்தப் புரதம் எழுப்பாது, உயிரோடிருக்கும் செல்லின் குலைந்த கற்றையை மட்டுமே ஒழுங்குபடுத்தும். அதற்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். காக்ளியா மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. ரத்தத்தில் ஏற்றும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை உட்காதின் தடுப்புச்சுவர் உள்ளே விடுவதில்லை, பெரிய புரதங்களை அதிலும் விடாது. சாமந்திக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் மயிர்க்கற்றைகள் உடலுக்கு வெளியே, கடலிலேயே நனைந்து கிடக்கின்றன. மருந்தைத் தண்ணீரில் கலந்தால் போதும்.