செவிகொடுத்தால் எந்த இசையும் நமதே

கிளாரினெட், செல்லோ, பியானோ ஆகிய மூன்று கருவிகள் மட்டுமே ஒலிக்கும் ஒரு கச்சேரிக்கு அழைப்பு வந்தால், நம்மில் பலர் தயங்குவோம். "அது வெள்ளைக்காரர் இசை; நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நமது பங்குகளில் இதற்கு நேர்மாறான கேள்வியும் எழுகிறது: "ஆலயத்தில் தவில் எதற்கு, பறை எதற்கு? கீபோர்டு போதாதா?" இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதை வைத்தே அது நமக்கு உரியதா இல்லையா என்று முடிவு செய்துவிடுகிறோம். இது சரிதானா என்று சிந்திக்க, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியே நமக்கு உதவுகிறது.

திருத்தணி தந்த பாடம்

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், தமது முதல் கீர்த்தனையைத் திருத்தணி முருகன் கோயிலில் பாடினார் என்பது மரபு. "குருகுஹ" என்ற முத்திரை அவருடைய பாடல்களில் இடம்பெறுவதும் அந்த மலையோடு தொடர்புடையது. முருக பக்தர்கள் போற்றும் இந்தச் செய்தியைப் பலர் அறிவர். ஆனால் அதே குடும்பத்தின் மற்றொரு செய்தியைச் சிலரே அறிவர்.

தீட்சிதர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாத்திய இசையைக் கேட்டது. கேட்டதோடு நின்றுவிடவில்லை. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நமது இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது. அண்ணன் முத்துசுவாமி, ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். "நோட்டுஸ்வரம்" எனப்படும் இப்பாடல்கள் சுமார் 40. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. பின்னர் 1890-களில், சின்னசாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் நமது கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்டார். தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் அதற்கு உதவினார். கொடுத்தலும் பெறுதலும் இரு பக்கமும் நடந்தன.

கிளாரினெட்டும் நமக்குப் புதிதல்ல. பங்குத் திருவிழாவின் தேர்பவனியில், தேருக்கு முன்னே செல்லும் பாண்டு வாத்தியத்தில் நீண்ட கருப்புக் குழலை நாம் பார்த்திருக்கிறோம். அதுவே கிளாரினெட். 19-ம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிகளில் இடம்பெற்ற இக்கருவியை, திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை மேடையின் நடுவில் அமர்த்தினார். சாவிகள் பொருத்திய இந்தக் கருவியில் கமகங்களைக் கொண்டுவருவது எளிதல்ல. அதைச் சாதித்த அவருக்கு 2008-ல் சங்கீத கலாநிதி விருதும், 2022-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன.

நடத்துநர் இல்லாத இசை

பெரிய அரங்குகளுக்காக அல்லாமல், வீட்டுக் கூடத்தில் சிலர் கூடி வாசிப்பதற்காக ஐரோப்பாவில் வளர்ந்தது அறையிசை. இதில் ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே வாசிப்பார். கோல் பிடித்து வழிநடத்துபவர் கிடையாது. யார் தொடங்குவது, எங்கே நிதானிப்பது, எங்கே ஓங்குவது என்பதை அவர்கள் ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுத்தே அறிய வேண்டும்.

கிளாரினெட்டில் ஒற்றை நாணல் பட்டை அதிர்ந்து ஒலி எழுகிறது. நமது நாதசுவரச் சீவாளி இரட்டை நாக்கு உடையது. கிளாரினெட் கேட்டும் கேட்காத மெல்லொலியில் தொடங்கி மெதுவாக வளர வல்லது. செல்லோ, வயலினின் பெரிய உறவு. முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வில்லால் வாசிப்பார்கள். அதன் ஒலி மனிதக் குரலுக்கு மிக நெருக்கமானது. பியானோவில் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி தந்தியைத் தட்டும். தட்டிய பிறகு அந்த ஒலி தேயுமேயன்றி வளராது.

ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பியானோவின் சுருதியைக் கச்சேரி நடுவே மாற்ற முடியாது; மற்ற இருவரும் அதற்கு இணங்குகிறார்கள். பியானோ வாசிப்பவருக்கு விரல் போதும், மூச்சு தேவையில்லை. ஆனாலும் கிளாரினெட் வாசிப்பவர் மூச்சு எடுக்க அவர் காத்திருக்கிறார். செல்லோவின் தாழ்ந்த குரல் அமுங்கிப்போகாதபடி தம் கையின் வலிமையைக் குறைத்துக்கொள்கிறார்.

இந்த இசையின் பிறப்பிலும் செவிகொடுத்தல் உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ், 1890-ல் இனி எழுத வேண்டாம் என்ற எண்ணத்தில் இருந்தார். 1891-ல் ரிச்சர்ட் முல்ஃபெல்ட் என்ற கலைஞரின் கிளாரினெட் வாசிப்பு அவரை மீண்டும் எழுத வைத்தது. அவ்வாண்டிலேயே இம்மூன்று கருவிகளுக்கான படைப்பு பிறந்தது. டிசம்பரில் பெர்லினில் அது அரங்கேறியபோது பிராம்ஸே பியானோ வாசித்தார்.

சிறைமுகாமில் ஒலித்த நம்பிக்கை

இம்மூன்று கருவிகளோடு வயலினும் சேர்ந்த ஒரு படைப்பை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். ஒலிவியே மெசியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி; பாரிஸ் மூவொரு கடவுள் ஆலயத்தில் 1931 முதல் ஆர்கன் வாசித்தவர். இரண்டாம் உலகப் போரில் கைதாகி, கெர்லிட்ஸ் நகர முகாமில் அடைக்கப்பட்டார். உடன் இருந்த கைதிகளில் ஒருவர் கிளாரினெட் கலைஞர், ஒருவர் செல்லோ, ஒருவர் வயலின். இருந்த கருவிகளுக்கென்றே அவர் எழுதினார்.

1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், கைதிகளுக்கும் காவலர்களுக்கும் முன்பாக அது அரங்கேறியது. பெயர் "காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை". திருவெளிப்பாடு 10-ம் அதிகாரத்தில், வானவில்லைத் தலைமேல் கொண்டு வரும் வானதூதரே அதற்குத் தூண்டுதல். எட்டுப் பகுதிகளில் ஐந்தாவது, இயேசுவின் முடிவில்லா வாழ்வைப் போற்றும் நீண்ட, மிக நிதானமான பகுதி. அதைச் செல்லோவும் பியானோவும் மட்டுமே வாசிக்கின்றன. கிளாரினெட் வாசித்த அகோகா ஒரு யூதர். விசுவாசத்தில் வேறுபட்டவர்கள் இசையில் ஒருவருக்கொருவர் செவிகொடுத்தார்கள்.

நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. அதன் முதல் பகுதியில் பியானோ வாசிக்கும் தாளம், 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தமது நூலில் பட்டியலிட்ட மூன்று இந்தியத் தாளங்களிலிருந்து அமைந்தது. மணலியில் நம்மவர் ஐரோப்பிய மெட்டை எடுத்தார்கள். ஐரோப்பியக் கைதி ஒருவர் நமது தாளத்தை எடுத்தார்.

நமது பங்குகளுக்கு

திருச்சபையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1903-ல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஆலயத்தில் பியானோ வாசிப்பதைத் தடை செய்தார். ஐரோப்பியக் கருவிக்கே அன்று இடமில்லை! 1963-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுகளை மதிக்கும்படி கேட்டது. புனிதப் பயன்பாட்டுக்கு ஏற்றதாய், இறைமக்களின் பக்தியை வளர்ப்பதாய் இருந்தால், பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது. பிறந்த ஊரை அது அளவுகோலாக்கவில்லை.

எனவே கீபோர்டா, தவிலா என்று வாதிடுவதற்கு முன் நாம் வேறொன்றைக் கேட்போம். நமது பாடகர் குழுவில் ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுக்கிறாரா? ஒரு பொத்தானை அழுத்தினால் கீபோர்டு தானே தாளம் போடுகிறது. அந்தத் தாளம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மூச்சு வாங்கும் முதியவருக்காகவும், முதல்முறை பாடும் குழந்தைக்காகவும் அது நிற்பதில்லை. ஒலிபெருக்கி உயர உயர, மக்களின் குரல் தாழ்ந்து, இறுதியில் மௌனமாகிவிடுகிறது. குற்றம் கருவியில் இல்லை. கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம்.

உடலின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று தேவை எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அன்பர்களே, வரும் ஞாயிறு ஒரே ஒரு பாடலையாவது ஒலிபெருக்கியின்றி, தானியங்கித் தாளமின்றிப் பாடிப் பார்ப்போம். அருகில் நிற்பவரின் குரல் நமக்குக் கேட்கும் அளவுக்கு நமது குரலைத் தாழ்த்துவோம். அப்போது எழும் இசை நம் எல்லாருடையதாகவும் இருக்கும்.