நாளைக்கும் வருவார்களா?

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாதென்றால், "நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன?" என்று ஒரு நாளாவது உங்களுக்குத் தோன்றியிருக்கும். சிலேட்டுகூட வாங்கியிருப்பீர்கள். முதல் நாள் ஒரே உற்சாகம். மூன்றாம் நாள் அந்த அம்மாளுக்குத் தலைவலி. ஐந்தாம் நாள் பேரனுக்கு ஜுரம். பத்தாம் நாள் சிலேட்டு பரண்மேல் ஏறிவிடும். "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று அடுத்த வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டு நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கோளாறு பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

குழந்தையை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடலாம். பெரியவர்களை யார் இழுப்பது? நாளைக்கும் வருவதா, வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். பகலெல்லாம் நாலு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து உட்காருகிறவர், 'இந்த அரை மணியில் எனக்கு என்ன கிடைத்தது?' என்று கணக்குப் பார்க்காமல் இருப்பாரா? அவருக்குக் கிடைத்தது 'அ - அணில்' என்றால் என்ன செய்வார், பாவம்! அணிலை அவர் ஐம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதோடு, புதிதாக எழுதப் பழகும் கைக்கு 'அ' என்பது லேசுப்பட்ட எழுத்தா? எத்தனை சுழி, எத்தனை வளைவு! 'ட'வைப் பாருங்கள், ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்தில், முடிந்தது. 'ப'வும் அப்படியே. 'ம'வையும் சேர்த்துக்கொண்டு, புள்ளி வைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று முதல் நாளே நாலு வார்த்தை கைவசம். "நான் படித்தேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் வார்த்தைக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அதற்குள் மாணவி காணாமல் போய்விடுவார்.

மறுநாளே உபயோகப்படும் வார்த்தைகளாக இருந்தால் இன்னும் விசேஷம். அவருடைய சொந்தப் பெயர், பஸ் பலகையில் வரும் ஊர்ப் பெயர், ரேஷன் கார்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள், பாங்கிப் பாஸ்புத்தகத்தில் 'வரவு', 'பற்று', 'இருப்பு'. பாங்கியில் மைப் பெட்டியைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் எத்தனை இரவு வேண்டுமானாலும் கண் விழிப்பார்.

இந்த ரகசியத்தை உலகத்துக்கே எடுத்துக் காட்டியவர் பிரேசில் தேசத்துப் பேராசிரியர் பாவுலோ பிரெய்ரே. 1963-ல் அந்நாட்டின் வடகிழக்கே அங்கிகோஸ் என்ற சிற்றூரில், சுமார் முந்நூறு பேருக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் முயற்சியை அவரும் அவருடைய மாணவர்களும் நடத்தினார்கள். ஆரம்பத்தில் புத்தகமே கிடையாது. முதலில் ஜனங்களோடு பேச்சு. அந்தப் பேச்சிலிருந்து பொறுக்கிய சில வார்த்தைகள்தான் பாடம். கட்டட வேலைக்காரர்களுக்கு அவர் முறையில் ஒரு பாடம் 'திஜோலோ', அதாவது செங்கல். செங்கல்லின் படத்தைக் காட்டி, அதைச் சுமப்பவன் யார், அவன் குடியிருக்கும் வீடு எப்படி என்றெல்லாம் பேசிவிட்டு, பிறகு அந்த வார்த்தையைப் பிரித்து, த, தி, து என்று நம் உயிர்மெய் வரிசை மாதிரியே விரித்துக்கொண்டு போவார்கள். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிரெய்ரேயைச் சிறையில் அடைத்தது. பின்பு அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. எழுத்துக் கற்றவன் கேள்வி கேட்பான் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா, என்ன?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டை இருக்கிறதே! 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பமானபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள்! ராத்திரி வகுப்புக்கு ஊர் விட்டு ஊர் போகவேண்டிய தொண்டர் பெண்களுக்கு அது அவசியம். படிக்க வந்தவர்களுக்கோ தண்ணீர்க் குடம் கொண்டுவரவும் சந்தைக்குப் போகவும் அதைவிட அவசியம். ஒன்றரை வருஷத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று எழுதியிருக்கிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். அவர்களில் சிலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கினார்களாம். ஏன் தெரியுமா? குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்று ஆயிரக்கணக்கான பெண்களைப் பாடத்தின் பக்கம் இழுத்து வந்தது.

சரி, உங்கள் ஒற்றை மாணவிக்கு வருவோம். நாற்பதைத் தாண்டியவரா? முதலில் வெள்ளெழுத்தா என்று பாருங்கள். எழுத்தே தெரியாதவருக்குத் தமக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது எப்படித் தெரியும்? மண்டைக்கு ஏறவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடி ஒன்று பாதிப் படிப்பைக் கொடுத்துவிடும்.

பென்சில் பிடிக்கக் கை நடுங்குகிறதா? தரையில் சாக்கட்டியால் எழுதச் சொல்லுங்கள். வாசலில் பதினைந்து புள்ளி வைத்து, இடைப்புள்ளியில் எட்டு வரை இறக்கிக் கோலம் போடும் கைக்கு 'ழ' எம்மாத்திரம்! கணக்கும் அப்படித்தான். கறிகாய்க்காரனை மனக்கணக்கிலேயே மடக்குகிறவரிடம் போய் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கணக்கை எழுத்தில் எப்படிக் குறிப்பது என்று காட்டினால் போதும்.

"வெரிகுட்" என்று கன்னத்தைத் தட்டுவதும் வேண்டாம். எனக்கு அது அறவே பிடிக்காது. அக்கா என்றோ பெரியம்மா என்றோ வாய் நிறையக் கூப்பிடுங்கள். தப்பு வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு எதிரில் திருத்தாதீர்கள். நாலு நாள் வராமல் திரும்பி வந்தால் காரணம் கேட்காமல், விட்ட இடத்துக்கு ஒரு படி முன்னாலிருந்து தொடங்குங்கள். மறுபடியும் வந்ததே பெரிய காரியம்.

வயதாகிவிட்டதே என்பார். கேரளத்தில் ஆலப்புழைப் பக்கத்துக் கார்த்தியாயனி அம்மாளின் கதையைச் சொல்லுங்கள். 2018-ல் தொண்ணூற்றாறு வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியவர் அவர். பிற்பாடு டில்லிக்குப் போய் ராஷ்டிரபதியின் கையால் விருதும் பெற்றார். 2023-ல் காலமாகும்போது வயது நூற்றொன்று.

முறையாகப் படிக்க வைத்துச் சான்றிதழும் வாங்கித் தர ஆசையா? பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022-ல் ஆரம்பித்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்தான் அதில் ஆசிரியர்கள். நீங்களும் ஒருவராகலாம். அருகிலுள்ள அரசாங்கப் பள்ளியில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். படிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் கற்றது ஒரே வருஷத்தில் மறந்து போகும். பழைய பத்திரிகைகளை எடைக்குப் போடுமுன் படக்கதையும் துணுக்கும் உள்ள பக்கங்களை எடுத்துக் கொடுங்கள். நோட்டுப் புத்தகம் அவரிடமே இருக்கட்டும். பேரப்பிள்ளை புரட்டிப் பார்த்துச் சிரிப்பான் என்று கூச்சப்பட்டால் உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். மேலட்டையில் பெயரை மட்டும் நீங்கள் எழுதிவிடாதீர்கள். அது அவர் எழுதட்டும்.