பலா மரமும் யூரியாப் பையும்



கண்டி நகரிலிருந்து தலாத்துஓயா செல்லும் வீதியில் சிறிது தூரம் மேலேறினால் வருவது அம்பிட்டிய. அங்கே நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் கால் ஏக்கருக்கும் குறைவான ஒரு சரிவு நிலம் உண்டு. ஒரு பலா, ஓர் ஈரப்பலா, இரண்டு தென்னை, மிளகுக்கொடி படர்ந்த முள்முருக்கு, ஒரு கராம்பு, நிழலில் கோப்பிச் செடிகள், வாழை, மரவள்ளி, அடியில் இஞ்சி. அந்த நிலத்துக்காக நான் ஒருநாளும் பசளைப் பை வாங்கியதில்லை. ஆயினும் அது ஆண்டுதோறும் தந்துகொண்டே இருக்கிறது. கண்டிய வீட்டுத் தோட்டம் என்று விவசாய அறிஞர்கள் வியந்து எழுதுவது இத்தகைய தோட்டங்களைத்தான்.

இந்தத் தோட்டமே என்னை ஒரு தவறான தீர்ப்புக்கு இட்டுச் சென்றது என்றால் நம்புவீர்களா?

2021 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை, பீடைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மக்களின் உடல்நலம் ஒரு காரணமாகவும், அந்நியச் செலாவணிச் சேமிப்பு மற்றொரு காரணமாகவும் கூறப்பட்டன. பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். சூம் வழியாக எங்கள் மாணவர்களுக்கு ஒரு விவாதம் நடத்தினோம். சேதனப் பசளைக்கு உடனடியாக மாறுவது சரியா என்பதே பொருள். நடுவராக இருந்த நான், என் வீட்டுப் பலாவைச் சான்று காட்டி, மாறுவதே சரி என்று தீர்ப்பளித்தேன். சங்கப் பாடல்களையும் துணைக்கு அழைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

விவாதம் முடிந்தபின் ஒரு மாணவி மட்டும் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய தந்தை தலாத்துஓயாவுக்கு அப்பால் போஞ்சியும் தக்காளியும் பயிரிடுபவர்.

“சேர், நீங்க பேசினது நல்லா இருந்திச்சு. ஆனா எங்க அப்பா இந்தத் தடவ போஞ்சிக்கு என்னத்தப் போடுறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைய உரை, காலந்தாழ்த்தி நான் அவளுக்குச் சொல்லும் பதில் எனலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பயிர் பச்சையாக வளர நைதரசன் வேண்டும். யூரியாவின் எடையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆகவே 50 கிலோ பை ஒன்றில் இருப்பது 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் இருக்கும். அந்த ஒரு பைக்கு ஈடுசெய்யவே ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதிலுள்ள சத்தும் உடனே பயிருக்குக் கிடைப்பதில்லை. மண்ணில் மெல்ல மெல்லத்தான் கரைந்து வரும். நாடு முழுவதற்கும் தேவையான எருவை ஒரே போகத்துக்குள் எங்கிருந்து கொண்டுவருவது? எத்தனை மாடு, எத்தனை குழை, எத்தனை லொறி!

அப்படியானால் என் பலா மரத்துக்கு மட்டும் பசளை ஏன் வேண்டியிருக்கவில்லை? இங்கேதான் நான் சறுக்கினேன். வீட்டுத் தோட்டத்தில் உதிர்ந்த இலை அங்கேயே மக்குகிறது. முள்முருக்கு அவரையினத்தைச் சேர்ந்த மரம். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துத் தருகிறது. பலாவின் ஆழமான வேர் அடிமண்ணின் சத்தை மேலே கொண்டுவருகிறது. நாம் வெளியே எடுத்துச் செல்வது கொஞ்சமே. போஞ்சித் தோட்டத்தின் கதை வேறு. அறுவடை முழுவதும் மூட்டையாகி நகரத்துக்குப் போகிறது. லொறியில் ஏறுவது மரக்கறி மட்டுமல்ல, மண்ணின் சத்தும்தான். அது திரும்பி வருவதில்லை. கண்டியிலேயே பாருங்கள்: மலையிலிருந்து இறங்கிய சத்து சந்தைக் கழிவாகிச் சேர்ந்த இடம், மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொட குப்பைமேடு. மண்ணுக்கு நாம் பட்ட கடன் அங்கே அழுகிக் கிடந்தது.

தடையின் விளைவை நாடறியும். 2021 நவம்பரில் அது விலக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2021 இல் சுமார் 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி, 2022 இல் சுமார் 34 இலட்சமாக வீழ்ந்தது. தேயிலை 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியளவுக்குக் குறைந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் இதற்குத் துணைபோனது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த மாணவியின் தந்தைக்கு மிஞ்சியது மஞ்சளாகிப் போன கொடிகளும் கடனும்.

இதனால் யூரியாவே கதி என்று சொல்ல வரவில்லை. 1962 முதல் மானியம் பெற்று மலிவாகக் கிடைத்த பசளையை நாம் அளவின்றி அள்ளிக் கொட்டியதும் உண்மை. பயிர் உண்ணாத நைதரசன் நீரோடு ஓடுகிறது. ஒரு பகுதி காற்றிற் கலந்து, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவாகிறது. சேதனப் பொருளற்ற மண் மழைக்குக் கரைந்து நீர்த்தேக்கங்களில் படிகிறது. ஒரே பயிரை நம்புவதன் ஆபத்தையும் இம்மலைகள் முன்பே கண்டவை. 1869 இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது.

2022 நவம்பரில் உலக மக்கட்தொகை 800 கோடியைத் தொட்டது. இந்நூற்றாண்டின் எண்பதுகளில் அது 1,030 கோடியளவில் உச்சமடையும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு. இன்றைய உலகில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு, தொழிற்சாலையில் செய்த நைதரசனைச் சார்ந்தது. அதேவேளை, கடைகளையும் வீடுகளையும் சென்றடையும் உணவில் ஐந்திலொரு பங்கு குப்பைக்குப் போகிறது. விளைவிப்பது மட்டுமல்ல, வீணாக்காமையும் வேளாண்மையே.

வள்ளுவர் ‘உழவு’ அதிகாரத்தில் உழுதல், எருவிடல், களைபறித்தல், நீர்பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தையும் ஒரே குறளில் சேர்த்து வைக்கிறார். எருவை உழவுக்கும் மேலாக வைத்தவர், அது ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. பல ஆண்டுகளாக அக்குறளைக் கற்பித்த நான் இதைக் கவனிக்கத் தவறினேன்.

எனவே வழி என்ன? மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு மட்டும் பசளையிடல். கூட்டெருவை ஆண்டுக்காண்டு கூட்டி, இரசாயனத்தைப் படிப்படியாகக் குறைத்தல். பயிரை மாற்றி, இடையே அவரையினம் விதைத்தல். நகரின் கழிவைத் தரம்பிரித்து மண்ணுக்கே திருப்பியனுப்புதல். இவற்றோடு மரங்களையும் மறத்தலாகாது. சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வீ. டயஸ் என்ற பெரியார் நாடெங்கும் பலா நட ஊக்குவித்து, ‘கொஸ் மாமா’ என்று பெயர் பெற்றார். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டுப்படுத்துகிறது. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டப்புற மக்கள் பட்டினியால் மாண்ட கதையைச் சொல்லும்போதெல்லாம், அயலவர் தந்த பலாக்காயையும் என் தாயார் சேர்த்தே சொல்வார்.

அண்மையில் அந்த மாணவியின் தந்தையைத் தலாத்துஓயாச் சந்தையில் கண்டேன். மாட்டெருவோடு முன்னர் போட்டதில் பாதியளவு யூரியா இடுகிறாராம். வரப்போரம் முள்முருக்கு நட்டு மிளகு ஏற்றியிருக்கிறார். கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அன்று நான் அளித்த தீர்ப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பை போஞ்சியைக் கையில் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

நேயர்களே, இயற்கையா இரசாயனமா என்று அன்று தலைப்பிட்டதே பிழை. எடுத்ததை மண்ணுக்கு எப்படி, எவ்வளவு, எத்தனை காலத்தில் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டிருக்க வேண்டும். அத்தீர்ப்பை இன்று திருத்திக்கொள்கிறேன்.