இந்த 40 யாருடைய 40?

ஆன்லைனில் சட்டை தேடியிருக்கிறீர்களா? 'ராயல் லுக், பார்ட்டிவேர், ட்ரெண்டி' என்று ஒரு முழ நீளத்துக்குப் பெயர். பருத்தியா, பாலியெஸ்டரா? மூச்! அதைக் கண்டுபிடிப்பதற்குள் கட்டைவிரல் தேய்ந்துவிடும்.

எனக்குப் பெரிய கடுப்பு சைஸில்தான். 40 என்று போடுகிறார்கள். அது என் மார்பளவா, சட்டையின் மார்பளவா? இரண்டுக்கும் நாலைந்து இன்ச் வித்தியாசம் வரும் சார்! படத்தில் நிற்பவரோ ஆணழகன். அவர் உயரம் என்ன, போட்டிருப்பது எந்த சைஸ் என்று ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போவார்கள்? ஜவுளிக்கடையில் சட்டையை முதுகில் வைத்து அளந்து பார்ப்போமே, அதற்கு ஈடாகத் தோள், மார்பு, நீளம் மூன்றும் இன்ச்சில் இருந்தால் போதும். படத்துக்குப் பக்கத்திலேயே, ஐயா, பாதாளத்தில் அல்ல!

சட்டம் கொஞ்சம் அதட்டித்தான் வைத்திருக்கிறது. பாக்கெட் பொருளென்றால் எம்.ஆர்.பி., நிகர அளவு எல்லாம் தளத்திலேயே காட்ட வேண்டும் என்பது 2018 முதல் அமல். எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் சொல்லச் சொல்கின்றன 2020-ன் நுகர்வோர் விதிகள்.

அளவுப் பட்டியல் இல்லாத சட்டையை, தள்ளுபடி எண்பது சதவீதமானாலும், நான் சீந்துவதில்லை. ரிட்டர்ன் பார்சலுக்கு ஆள் வருவானென்று ஆபீசுக்கு லீவு போட முடியுமா?